எம்சிபி விழுகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போடலாமா?

கேள்வி: காட்பாடியில் சொந்த வீடு, 2012-ல் கட்டியது. கீழ் பெட்ரூமில் முதலிலிருந்தே ஒரு ஏசி உண்டு. போன வருஷம் மாடியில் ஒரு ரூம் எடுத்து, அங்கே இன்னொரு ஒன்றரை டன் ஏசி, பாத்ரூமில் கீசர் போட்டோம். மாடி ஏசிக்கு லைன் கீழ் ஏசி பாயின்டிலிருந்தே எடுத்தது. இந்தக் கத்திரி வெயிலில் பத்து மணிக்கு இரண்டு ஏசியும் போட்டால், பதினொன்றரை வாக்கில் டிபி பாக்ஸில் (வீட்டு லைன்களெல்லாம் பிரியும் பெட்டி) ஒரு எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. சில நாள் காலையில் கீசர் ஓடும்போது மொத்த வீடும் போய்விடுகிறது. எலக்ட்ரீஷியன், "16-ஐ எடுத்துட்டு 32 போட்டா நின்னுடும், அந்த ஆர்சிசிபியையும் டைரக்ட் பண்ணிடலாம்" என்கிறார். செய்யலாமா அண்ணா?

பதில்:

இரண்டையுமே செய்ய வேண்டாம், தம்பி. ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் மொத்த வீட்டையும் அணைக்கும் சுவிட்ச்; அதை டைரக்ட் செய்வது என்றால் அதை விலக்கிவிட்டு லைனை நேராக இணைப்பது. 32 போட்டால் விழுவது நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் சூடாகப் போவது சுவருக்குள் இருக்கிற ஒயர். அது கருகுவது வெளியே தெரியாது.

எம்சிபி ஏசியைக் காப்பாற்ற வைத்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. 2012-ல் கட்டின வீடு என்றால் ஏசி பாயின்டுக்குப் பெரும்பாலும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்திருப்பார்கள். சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 ஒயர் சுமார் 20 ஆம்பியர் வரை சிரமமில்லாமல் தாங்கும். ஒரே பைப்பில் நாலைந்து ஒயரைத் திணித்திருந்தாலோ, வெயில் காயும் சுவராக இருந்தாலோ அதற்கும் குறைவு. ஒயரின் பிவிசி உறைக்கு 70 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டித் தினமும் சூடானால் உறை விறைத்து, வெடித்து, உதிர ஆரம்பிக்கும்.

இப்போது எம்சிபி பக்கம் வாருங்கள். அதன் மேல் எழுதியிருக்கிற அளவைப் போல 1.13 மடங்கு கரண்ட் போனால் ஒரு மணி நேரத்துக்கு அது விழக்கூடாது, 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். தரவிதி அப்படித்தான் இருக்கிறது. 32-க்குக் கணக்குப் போடுங்கள். 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் அது அசையாது. 46 ஓடினால்கூட விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். 20 தாங்கும் ஒயரில் 36 ஆம்பியர், அதுவும் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது. வீட்டில் தீப்பிடித்த பிறகு "மின்கசிவு" என்று செய்தியில் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதில் பல இப்படி எம்சிபியைப் பெரிசாக்கியதாலும், பழைய ஃபியூஸில் தடிமனான கம்பியைச் சுற்றியதாலும் வந்தவையாக இருக்கலாம்.

உங்கள் வீட்டில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. ராத்திரி விழுவது வேறு, காலையில் போவது வேறு. எலக்ட்ரீஷியன் இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் இப்படி ஒரு வைத்தியம் சொல்கிறார்.

சோதிக்கப் போகும் முன் ஒன்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? இருந்தால், மெயினை அணைத்த பிறகும் லைட், ஃபேன் லைனில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். டிபி பாக்ஸுக்குள்ளேயே அந்த ஒயர்களும் வருவதால் "மெயின் ஆஃப், பயமில்லை" என்று கை வைத்து அடி வாங்குபவர்கள் உண்டு. மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வரும் ஒயரிலும், மெயினை அணைத்தாலும் எப்போதும் கரண்ட் இருக்கும். ஆகவே நீங்கள் தொட வேண்டியது எம்சிபியின் நாக்கை மட்டும். ஸ்க்ரூ கழற்றி மூடியைத் திறப்பது வயர்மேன் வேலை. கை உலர்ந்திருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

அப்புறம், எது விழுந்தது என்று பாருங்கள். சாதாரண எம்சிபி மேல் சி16, பி10 என்று எழுதியிருக்கும் (எழுத்து அதன் வகை, எண் ஆம்பியர்). 'டி' (T) என்ற ஆங்கில எழுத்துடன் சின்ன பட்டன் ஒன்று இருப்பது ஆர்சிசிபி. சில கம்பெனி எம்சிபி விழும்போது முழுசாகக் கீழே வராமல் நடுவில் நிற்கும். பார்வைக்கு மேலே இருப்பது போலவே தெரியும். அதை முதலில் நன்றாகக் கீழே அழுத்திவிட்டு, பிறகு மேலே தள்ள வேண்டும். லோடு கூடி விழுந்திருந்தால் உடனே நிற்காது. உள்ளே இரண்டு உலோகத் தகடு சேர்ந்த பட்டை ஒன்று சூட்டில் வளைந்துதான் எம்சிபியை விழவைத்திருக்கும். அது ஆறி நிமிர ஐந்து பத்து நிமிஷம் ஆகும். நிற்கவில்லையே என்று திரும்பத் திரும்பத் தள்ளாதீர்கள்.

சரி, ராத்திரிக்கு வருவோம். போட்டவுடன் விழவில்லை, ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு விழுகிறது. இந்த ஒரு தகவல் போதும், ஷார்ட் இல்லை என்று சொல்லிவிடலாம். ஷார்ட் என்றால் "டப்" என்று அந்தக் கணமே விழும். அதற்கு உள்ளே காயில் என்று தனியாக ஒரு கம்பிச்சுருள் உண்டு. சி வகை எம்சிபியில் எழுதிய அளவைப் போல 5 முதல் 10 மடங்குக்குள் அந்தக் காயில் இழுத்துவிடும், பி வகையில் 3 முதல் 5 மடங்கு. மெதுவாக விழுவதெல்லாம் தகடு சூடாகி விழுவது. அதாவது லோடு, அல்லது லூஸ் கான்டாக்ட்.

ஒன்றரை டன் சாதாரண ஏசி கம்ப்ரெசர் ஓடும்போது 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் 16. இது நோட்டில் போட்ட கணக்கு. மே மாசம் வேலூர்ப் பக்கம் பகலில் 40-ஐத் தாண்டுகிறது, ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரை காலைச் சுடுகிறது. அந்தச் சூட்டில் வெளி யூனிட் வெப்பத்தைத் தள்ள முடியாமல் கூடுதலாக இழுக்கும். அந்த நேரத்தில் தெரு முழுக்க ஏசி ஓடுவதால் வோல்டேஜும் இறங்கியிருக்கும். ஸ்டெபிலைசர் வைத்திருந்தால் அது 185 வோல்டை 220 ஆக்கிக் கொடுக்கும், ஆனால் அதற்கு ஈடாக லைனிலிருந்து அதிகக் கரண்டை எடுத்துக்கொள்ளும். ஏசிக்கு 8 ஆம்பியர் கொடுக்க லைனில் ஒன்பதரை போகிறது. இரண்டு ஏசிக்கு 19. அதே லைனில் டிவியும் சார்ஜரும் இருந்தால் 20. குளிர்காலத்தில் விழாமல் கத்திரியில் மட்டும் ஏன் விழுகிறது என்பதற்கு இதுதான் பதில்.

இன்னொரு காரணத்தையும் பாருங்கள். எம்சிபியின் அளவு 30 டிகிரி சூட்டை வைத்துக் குறித்தது. டிபி பாக்ஸ் மேற்குச் சுவரில் இருக்கிறதா? சாயந்தரம் முழுக்க வெயில் வாங்கின சுவருக்குள், மூடின பெட்டியில் 45 டிகிரிக்கு மேல் இருக்கும். தகடு ஏற்கெனவே பாதி வளைந்த நிலையில் இருப்பதால், 16 என்று எழுதியது வழக்கத்தைவிடக் குறைந்த கரண்டிலேயே விழும். பக்கத்துப் பக்கத்தில் லோடு ஓடும் எம்சிபிகளை ஒட்டி மாட்டியிருந்தால் ஒன்றின் சூடு மற்றதற்கு ஏறும். நடுவில் ஒரு இடம் விட்டு மாட்டினாலே சில வீட்டில் பிரச்சினை குறைந்துவிடுகிறது.

நீங்களே உறுதி செய்துகொள்ள எளிய வழி: ஒரு ராத்திரி கீழ் ஏசி மட்டும், அடுத்த ராத்திரி மாடி ஏசி மட்டும் ஓட்டுங்கள். தனித்தனியாக ஓட்டினால் விழவில்லை, சேர்த்து ஓட்டினால் விழுகிறது என்றால் லோடுதான், சந்தேகமில்லை. ஒரே ஏசியில் விழுந்தால் இரண்டு சந்தேகம். அந்த ஏசியில் வெளி யூனிட் அழுக்கடைந்திருக்கலாம், கெப்பாசிட்டர் போயிருக்கலாம். இல்லையென்றால் எம்சிபியின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம்.

இந்தத் தளர்ந்த ஸ்க்ரூவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயர்மேன் மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, விழுகிற எம்சிபியில் ஒயர் நுழையும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கான்டாக்டில் செம்பு செம்பு நிறத்தில் இருக்கும். தளர்ந்த இடத்தில் அது கறுத்து, ஒயர் உறை அரை அங்குலத்துக்குப் பழுப்பேறி, தொட்டால் குச்சி மாதிரி விறைப்பாக இருக்கும். எம்சிபியின் வெள்ளை உடம்பு அந்த மூலையில் மட்டும் மஞ்சளாகி, லேசாக உப்பியிருக்கும். சூடு அதிகமானால் கருவாடு வாடை மாதிரி ஒன்று அடிக்கும். சமையலறையில் தேடுகிறவர்கள் அதிகம், டிபி பக்கம் போய் முகர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. அப்படி இருந்தால் ஸ்க்ரூவை முறுக்கினால் மட்டும் போதாது. கருகின ஒயர் நுனியை வெட்டி, புதுச் செம்பு தெரியும்படி உரித்து, அதே 16 ஆம்பியரில் புது எம்சிபி மாட்ட வேண்டும். நியூட்ரல் லிங்க் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்கள் சேரும் பட்டை) ஸ்க்ரூக்களையும் அப்போதே பார்க்க வேண்டும். எம்சிபியை மாற்றிவிட்டு நியூட்ரலைத் தொடாமல் போகும் வேலையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

லோடுதான் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மாடி ஏசிக்கு டிபியிலிருந்து தனி லைன். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், எர்த்தோடு சேர்த்து. அதற்குத் தனியாக சி வகை 20 ஆம்பியர் எம்சிபி. கீழ் ஏசி பழையபடி 16-லேயே இருக்கட்டும். சுவரை உடைக்க மனசில்லை என்றால் வெளியில் கேசிங் பட்டி அடித்துக் கொண்டுபோகலாம். பார்க்கச் சுமாராக இருந்தாலும் வேலை சுத்தமானது. வேலூர் டவுனில் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு மாசக்கணக்கில் விடுகிற ரூம்களில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் உண்டு. லைட், ஃபேனுக்கு என்று இழுத்த லைனில் ரூமுக்கு ஒரு இன்டக்‌ஷன் அடுப்பும் கெட்டிலும் ஓடும். 2000 வாட் அடுப்பு ஒன்றே எட்டே முக்கால் ஆம்பியர். அப்படி ரூம் வாடகைக்கு விடுபவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து ரூமுக்கு ஒரு தனி பவர் லைன் இழுத்துக் கொடுங்கள்.

இப்போது காலையில் மொத்த வீடும் போவது. அது ஆர்சிசிபி. உள்ளே போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில், எர்த்திலோ ஒரு ஆள் உடம்பிலோ போனால் விழுந்துவிடும். எவ்வளவு லோடு ஓடுகிறது என்று அதற்குக் கவலை இல்லை. ஆகவே ஆர்சிசிபி விழுந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் கீசரின் காயில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் குழாய்ச் சுருள், மேல்தான். காவிரித் தண்ணீர் வந்த பிறகும் நம் பக்கம் பாத்ரூம் டேங்குக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் ஏறுகிறது, அதன் உப்பு உங்களுக்கே தெரியும். அந்த உப்பு காயில் மேல் வெள்ளைக் கட்டியாகப் படியும். படிந்தால் உள்ளே இருக்கும் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயில் குழாயையே சுட்டு, மயிரிழை விரிசல் விடும். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் கசிவு. கீசர் போட்டவுடன் விழாமல், கொஞ்சம் சூடேறிய பிறகு விழுவதற்கும், ஒரு நாள் விழுந்து ஒரு நாள் விழாமல் இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கும்.

கண்டுபிடிக்க: எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்கள். ஆர்சிசிபியை மேலே தள்ளுங்கள். நிற்கிறதா? ஒவ்வொரு எம்சிபியாக, நடுவில் ஒரு நிமிஷம் விட்டு, மேலே தள்ளுங்கள். எதைத் தள்ளும்போது ஆர்சிசிபி விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அந்த லைனில் இருக்கிற பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். சுவிட்சை அணைப்பது போதாது, பிடுங்கவே வேண்டும். சுவிட்ச் பேஸை (கரண்ட் வரும் ஒயர்) மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும்.

எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் பலர் "ஆர்சிசிபி போச்சு" என்று புதுசு வாங்கி மாட்டுகிறார்கள். புதுசும் விழும். காரணம் இதே நியூட்ரல்தான். ஒற்றை எம்சிபி பேஸை மட்டும் வெட்டுவதால், எங்கேயாவது நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்சிபி எல்லாம் கீழே இருந்தும் ஆர்சிசிபி விழும். வீட்டில் உள்ள பிளக் அனைத்தையும் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் வயர்மேன் வந்து, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றி, மெகர் (ஒயரில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். சமீபத்தில் இன்வெர்ட்டர் வைத்த வீடாக இருந்தால், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்கேயாவது கலந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கசிவே இல்லாமல் ஆர்சிசிபி விழும் வீடுகளில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆர்சிசிபியை டைரக்ட் செய்வதைப் பற்றி நான் கடுமையாகத்தான் சொல்வேன். கீசர் காயில் கசிகிறது, எர்த் சரியில்லை, ஆர்சிசிபி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷவர் குழாயைத் தொடும் நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம். 230 வோல்டுக்கு 230 மில்லி ஆம்பியர் அந்த உடம்பில் போகும். உயிர் போக அது தாராளம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது கால் ஆம்பியர்கூட இல்லை. அது விழவே விழாது. வீட்டில் குழந்தைகள் குளிக்கிற பாத்ரூம் அது. காயில் மாற்ற ஆகும் செலவு ஒரு நாள் கூலியும் காயில் விலையும்தான்.

காயில் மாற்றும்போது எர்த் குழியையும் பார்த்துவிடுங்கள். பாலாற்று ஓரத்து மணலும், மலையடிவாரப் பாறை மண்ணும் கோடையில் ஈரமே இல்லாமல் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் பைப் இருந்தும் பயன் குறைவு. வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்சிசிபியில் உள்ள 'டி' பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். கரண்ட் இருக்கும்போதும் விழவில்லை என்றால் அதை மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சில: போர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மட்டும் விழுந்தால் பி வகை எம்சிபி மாட்டியிருக்கலாம், அல்லது கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் ஆர்சிசிபி விழுந்தால் கேட் லைட், மொட்டை மாடி பாயின்ட், காலிங் பெல் சுவிட்ச் இவற்றைத் திறந்து பாருங்கள், தண்ணீர் இறங்கியிருக்கும். தள்ளியவுடன் டப்பென்று விழும் எம்சிபியை இரண்டாம் தடவைக்கு மேல் தள்ளாதீர்கள். ஒரு லைட் மங்கி இன்னொரு லைட் கண் கூசுகிற மாதிரி எரிந்தால், அது உங்கள் டிபி கோளாறே இல்லாமல் நியூட்ரல் விட்டுப்போனதாக இருக்கலாம். மூன்று பேஸ் வீட்டில் அப்போது 400 வோல்ட் வரை ஏறும். உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிடுங்கள்.

உங்கள் எலக்ட்ரீஷியனிடம் சண்டை போட வேண்டாம். "அண்ணே, கிளாம்ப் மீட்டர் எடுத்துட்டு ராத்திரி பத்தரைக்கு ஒரு தடவை வாங்க, ரெண்டு ஏசியும் ஓடும்போது அந்த ஒயர்ல எவ்வளவு போகுதுன்னு பார்க்கலாம்" என்று கேளுங்கள். மீட்டரில் 19, 20 என்று அவரே பார்த்தால் 32 பேச்சை அவரே விட்டுவிடுவார். வரமுடியாது என்றால் மின் உரிமம் உள்ள வேறு வயர்மேனைப் பாருங்கள். அப்புறம், இரண்டு ஏசி, ஒரு கீசர் என்று லோடு கூடிவிட்டதால், பழைய மின்வாரிய ரசீதில் அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பார்த்துவிட்டு, கூடுதல் லோடுக்கு எழுதிக்கொடுங்கள். மூன்று பேஸ் சர்வீஸாக மாற்ற வேண்டுமா என்று அப்போதே பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். மாற்றுவதாக இருந்தால், மாடிக்குத் தனி லைன் இழுக்கும் வேலையையும் அதோடு சேர்த்தே செய்துவிடுங்கள்.